உருபா வீழ்ந்தால் தமிழன் உயர்வானா?

(தாம்பரத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



திரிசூலம் வானூர்தி நிலையத்திற்குத் தெற்கே, பல்லாவரம் தொடங்கிக் குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் என விரிந்து கிடக்கும் இப் புறநகர்ப் பகுதியில், கணவனையோ மகனையோ மருமகனையோ கடல்கடந்து அனுப்பிவிட்டு, அவன் விடுக்கும் பணத்தைக் கொண்டு அடுப்பெரிக்கும் வீடுகள் தெருத்தோறும் உள்ளன. ஒரு வீட்டான் துபாயில் கட்டட வேலை செய்கிறான். அடுத்த வீட்டான் சிங்கப்பூர்க் கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலை செய்கிறான். அதற்கடுத்த வீட்டுப் பெண் அமெரிக்காவில் கணிப்பொறி வேலை செய்கிறாள்.

இவ் வீடுகளில் அண்மைக் காலத்தே ஒரு பழக்கம் தோன்றியுள்ளது. விடிந்தெழுந்ததும் கைப்பேசியைத் திறந்து, "இன்று திர்கம் எவ்வளவு? வெள்ளி எவ்வளவு?" என்று பார்க்கின்றனர். உருபாவின் மதிப்புச் சரிந்திருந்தால் வீட்டார் முகம் மலர்கிறது; சற்றே ஏறியிருந்தால் வாடுகிறது. "இரண்டு நாள் பொறுத்து அனுப்பு தம்பி, இன்னும் ஏறும்" என்று தந்தை மகனுக்கு அறிவுரை கூறுகிறார். 2025 திசம்பரில் ஓர் அமெரிக்கத் தாலரின் விலை 90 உருபாவைக் கடந்தபோது, நாட்டுப் பணம் தாழ்ந்ததே என்று வருந்தியவர் சிலர். வீட்டுக்கு வரும் பணம் கூடிற்றே என்று மகிழ்ந்தவர் பலர்.

அவர்களைப் பழிப்பது ஈண்டு நோக்கமன்று. வெயிலில் நின்று உழைப்பவன் நூறு உருபா கூடக் கிடைப்பதற்கு மகிழ்வது இயல்பே. ஆயின், அம் மகிழ்ச்சி மெய்யா, கானலா என்று ஆய்ந்து பார்த்தல் வேண்டும். ஏனெனில், அதனை நம்பிக் கடன் வாங்குவோர் உளர். மனை வாங்குவோர் உளர். மகளுக்கு மணநாள் குறிப்போர் உளர். கானலை நீரென்று நம்பிக் குடத்தோடு செல்பவன் குடத்தையும் இழந்து திரும்புவான்.

இஃது ஒரு சில வீடுகளின் செய்தியும் அன்று. 2015-இல் எடுக்கப்பெற்ற தமிழ்நாட்டுப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி அயல்நாடுகளில் வாழ்ந்த தமிழகத்தார் ஏறத்தாழ 22 இலக்கம் பேர். 2023-24-ஆம் ஆண்டில் அயல்நாடுகளினின்று இந்தியாவிற்கு வந்த பணம் 11,870 கோடித் தாலர் என்றும், அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு என்றும் இரிசர்வு வங்கி கணக்கிட்டுள்ளது. உருபாவில் கூறின், ஏறத்தாழ ஓரிலக்கம் கோடி! இத்துணைப் பெருந்தொகையின் மதிப்பை ஏற்றவும் இறக்கவும் வல்ல கை யாருடையது? அதை அறியாமல் இருக்கலாமா?

மாற்றுமதிப்பு என்பது யாது?

ஒரு நாட்டுப் பணத்தைக் கொடுத்து மற்றொரு நாட்டுப் பணத்தை வாங்கும் விலையே மாற்றுமதிப்பு. அரிசிக்கும் புளிக்கும் விலை இருப்பது போலவே பணத்திற்கும் விலை உண்டு. வாங்குவோர் மிக்கால் விலை ஏறும். விற்போர் மிக்கால் விலை இறங்கும். இதற்குமேல் அதில் மறைபொருள் ஒன்றுமில்லை.

தாலரை வாங்குவோர் யாவர்? முதற்கண், பாறையெண்ணெய் வாங்குவோர். இந்தியா தனக்கு வேண்டிய பாறையெண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் அயல்நாடுகளினின்று பெறுகிறது. அதன் விலையைப் பெரும்பாலும் தாலரிலேயே செலுத்துகிறது. 2022-இல் உக்கிரைனில் போர் மூண்டு, ஒரு பீப்பாய் எண்ணெய் 120 தாலருக்கு மேல் விற்றபோது, அதே அளவு எண்ணெய்க்கு மிகுதியான தாலர் வேண்டியதாயிற்று. தாலரைத் தேடுவோர் பெருகினர், உருபா தாழ்ந்தது.

இரண்டாவதாக, வட்டி தேடும் பெருமுதலாளிகள். அமெரிக்க நடுவண் வைப்பகம் வட்டியை உயர்த்துமாயின், உலகெங்கும் இட்டிருந்த முதலை அவர்கள் மீட்டெடுத்து அமெரிக்காவிலேயே இடுகின்றனர். மீட்கும்போது உருபாவை விற்றுத் தாலரை வாங்குகின்றனர். 2013 மே மாதத்தில் அவ் வைப்பகத்தின் தலைவராயிருந்த பெர்னாங்கி வட்டியை உயர்த்தவும் இல்லை, பணப்பெருக்கத்தைச் சற்றே குறைக்கக்கூடும் என்று ஒரு சொல் சொன்னார், அவ்வளவே! அப்பொழுது 55 உருபா அளவில் இருந்த தாலர், அவ்வாண்டு ஆகத்து முடிவில் 68-ஐத் தாண்டிற்று. பின்னர், 2022 தொடக்கத்தில் சுழியை ஒட்டியிருந்த வட்டியை, 2023 சூலைக்குள் 5.25 முதல் 5.50 விழுக்காடு வரை அவ் வைப்பகம் ஏற்றியது. 2022 தொடக்கத்தில் 74 உருபா அளவில் இருந்த தாலர் அவ்வாண்டு முடிவதற்குள் 83-ஐத் தொட்டது.

மூன்றாவதாக, இறக்குமதியாளர். நாடு விற்கும் பொருள் குறைந்து வாங்கும் பொருள் மிக்கால் தாலர்த் தட்டுப்பாடு தோன்றும். 2025 ஆகத்தில் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 விழுக்காடு வரை தீர்வை விதித்தது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளின் பழந்தொழிலாகிய தோலும், திருப்பூரின் பின்னலாடையும் அத் தீர்வையிற் சிக்கின. தாம்பரத்தில் 1984-இல் ஏற்படுத்தப்பெற்று, மக்கள் 'மெப்சு' என்று அழைக்கும் ஏற்றுமதி வளாகத்தில் பணிபுரியும் தங்கை ஒருத்தியையும், துபாயில் உழைக்கும் அவள் தமையனையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். உருபா தாழ்ந்ததனால் தமையன் அனுப்பும் பணம் சற்றே கூடும். உருபாவைத் தாழ்த்திய அதே தீர்வை தங்கையின் தொழிற்சாலைக்கு வரும் ஆணைகளைக் குறைக்கும். ஒரே வீட்டில் ஒரு கை பெற்றதை மற்றொரு கை இழக்கிறது!

எண்ணெய்ப் போர் ஒரு புறம், அமெரிக்க வட்டி ஒரு புறம், தீர்வை ஒரு புறம். இம் மூன்றனுள் ஒன்றேனும் தமிழனைக் கேட்டு நிகழ்வதன்று.

கரூர்க் காசு கற்பிக்கும் பாடம்

மாற்றுமதிப்பு என்பது தமிழர்க்குப் புதியதா? அன்று. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் மிளகுக்கும் முத்துக்கும் ஈடாக உரோம நாட்டுப் பொன்னும் வெள்ளியும் தமிழ்நாட்டிற்கு வந்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடிச் 'செசுத்தர்சு' காசுகளை இந்தியா உறிஞ்சுகிறது என்று உரோம அறிஞர் பிளினி தம் நூலில் வருந்தியெழுதினார். அக் காசுகளே கரூரிலும் கொங்குநாட்டிலும் இன்றும் மண்ணினின்று வெளிப்படுகின்றன.

அவற்றில் ஒரு வியப்பு உண்டு. இங்குக் கிடைக்கும் வெள்ளிக்காசுகளிற் பெரும்பாலன அகத்தசு, திபேரியசு என்னும் பேரரசர் காலத்தன. கி.பி. 64-இல் நீரோ மன்னன் வெள்ளிக்காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் இங்கு அரியன. காசின் தரம் குறைந்ததைக் கடலுக்கு இப்பாலிருந்த வணிகர் கண்டறிந்து பழைய காசையே விரும்பினர் என்பது ஆய்வாளர் கருத்து. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கண்டெடுத்த 500 அளவான உரோமப் பொற்காசுகளிற் பெரும்பாலானவற்றில், அரசனின் தலைமேல் வெட்டுத் தழும்பு உள்ளது. அவன் முகத்திற்கு இங்கு மதிப்பில்லை, பொன்னுக்கே மதிப்பு!

முத்திரையைப் பாராது எடையைப் பார்த்தனர் அம் முன்னோர். இன்றைய பணம் தாளாகவும் கைப்பேசி எண்ணாகவும் ஆகிவிட்டது. அதற்கு எடை இல்லை. அதன் எடை, அஃது எத்துணைப் பொருளை வாங்குகிறது என்பதே. இவ் வொன்றை உள்ளத்திற் கொண்டால் இனி வரும் செய்திகள் அனைத்தும் எளிதின் விளங்கும்.

வளைகுடாவில் வழங்கிய உருபா

இன்று திர்கத்தையும் இரியாலையும் தேடித் தமிழர் செல்லும் வளைகுடா நாடுகளில், ஒரு காலத்தில் வழங்கிய பணம் எது தெரியுமா? இந்திய உருபாவே! குவைத்து, பகுரைன், கத்தார், துபாய், அபுதாபி, ஓமன் ஆகிய இடங்களிலெல்லாம் உருபா கைமாறியது. அதனைக் கொடுத்துப் பொன் வாங்கி இந்தியாவிற்குள் கடத்துவது மிகுந்தமையால், 1959-இல் இரிசர்வு வங்கி அப் பகுதிக்கென்றே வேறு நிறத்தில் 'வளைகுடா உருபா' என்னும் தனித்தாளை அச்சிட்டது.

குவைத்து 1961-இலும் பகுரைன் 1965-இலும் தத்தம் தினாரை ஏற்படுத்திக்கொண்டு விலகின. 1966 சூன் 6-ஆம் நாள், தில்லி அரசு உருபாவின் மதிப்பைக் குறைத்தது. அதுகாறும் ஒரு தாலருக்கு 4.76 உருபா, அன்று முதல் 7.50 உருபா. வளைகுடா உருபாவும் அதனோடு கட்டுண்டிருந்தமையால், கத்தாரிலும் துபாயிலும் பெட்டியில் வைத்திருந்த பணம் ஒரே இரவில் மெலிந்தது. அந்நாடுகள் உடனே உருபாவைக் கைவிட்டன. ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது. 1973-இல் ஒன்றிய அரபு நாடுகள் திர்கத்தை ஏற்படுத்தின.

அதே 1973-இன் இறுதியில் எண்ணெய் விலை நான்கு மடங்காயிற்று. எண்ணெய் நாடுகளில் சாலையும் துறைமுகமும் மாளிகையும் எழுந்தன. தமிழனும் மலையாளியும் அவற்றைக் கட்டச் சென்றனர். உருபா வழங்கிய மண்ணிலேயே, உருபாவினும் பன்மடங்கு உயர்ந்த பணத்திற்காகக் கல் சுமந்தனர். தன் பணத்தின் மதிப்பைக் காத்துக்கொள்ளாத நாட்டின் மக்கள் பிறர் பணத்திற்கு உழைக்கச் செல்வர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1991: வெளியே இழந்தவன் உள்ளேயும் இழந்தான்

1990 ஆகத்து 2-ஆம் நாள் ஈராக்குப் படை குவைத்தினுட் புகுந்தது. அங்கிருந்த இந்தியர் வேலையையும் வீட்டையும் சேர்த்த பணத்தையும் விட்டுப் பாலை வழியே சோர்தான் நாட்டை அடைந்தனர். அம்மான் நகரினின்று 1,70,000-க்கு மேற்பட்டோர் வானூர்திகளில் ஏற்றிவரப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர்.

துயரம் அவ்வளவில் நின்றதா? எண்ணெய் விலை சில மாதங்களில் இரு மடங்கிற்கு மேலாயிற்று. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. அயல்நாட்டிலிருந்த இந்தியர் இங்கிட்ட வைப்புத்தொகையை அஞ்சி மீட்டனர். 1991 நடுவில், இந்தியாவின் அயற்பணக் கையிருப்பு ஏறத்தாழ மூன்று கிழமை இறக்குமதிக்கே போதுமென்னும் நிலை வந்தது. மே மாதத்தில் 20 தொன் பொன் விற்கப்பட்டது. சூலையில் ஏறத்தாழ 47 தொன் பொன் இங்கிலாந்திலும் சப்பானிலும் அடகு வைக்கப்பட்டது. சூலை 1, 3 ஆகிய இரு நாள்களில் உருபாவின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. 21 உருபாவாக இருந்த தாலர் ஏறத்தாழ 26 உருபாவாயிற்று.

குவைத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியவன், இங்கு வந்து பார்த்தால் எண்ணெயும் பருப்பும் விலையேறிக் கிடந்தன. எந்தப் போர் அவனை அங்கிருந்து துரத்தியதோ, அந்தப் போரே இங்கு அவன் வீட்டுச் சட்டியையும் தட்டிற்று. ஆகவே, உருபாவின் வீழ்ச்சி பெரும்பாலும் ஒரு நோயின் அறிகுறி. நோயின் அறிகுறியைக் கண்டு விருந்து வைப்பாருண்டோ?

கூடியது எவ்வளவு? நின்றது எவ்வளவு?

இனி, ஏட்டுக் கணக்கை விட்டு வீட்டுக் கணக்கிற்கு வருவோம்.

துபாய்த் திர்கம் தாலரின் நிழல். 1997 முதல் ஒரு தாலருக்கு 3.6725 திர்கம் என்று கட்டி வைத்துள்ளனர். சவுதி இரியாலும் 1986 முதல் ஒரு தாலருக்கு 3.75 என்று கட்டுண்டது. ஆதலால் "திர்கம் ஏறிற்று" என்று கூறுவது பிழை; திர்கம் இருந்த இடத்தில் இருக்க, உருபாவே இறங்கிற்று என்பதுதான் மெய்.

2021 முடிவில் தாலர் ஏறத்தாழ 75 உருபா. அப்போது 1,000 திர்கம் அனுப்பினால் 20,400 உருபா வந்தது. 2025 திசம்பரில் தாலர் 90 உருபா. அதே 1,000 திர்கம் 24,500 உருபாவாயிற்று. நாலாயிரம் கூடிற்று; ஐந்திலொரு பங்கு மிகுதி! வீட்டார் மகிழ்ந்தனர். ஆனால், அந் நான்காண்டில் இந்தியாவின் பொது விலைவாசி எவ்வளவு ஏறிற்று? அதுவும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே. 2021-இல் 20,400 உருபாவிற்கு வாங்கிய அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை ஆகியவற்றை 2025-இல் வாங்க 24,500 உருபா வேண்டும். எண் பெருத்தது, எடை பெருக்கவில்லை. அவன் சம்பளம் திர்கத்தில் ஏறாதிருந்தால், நான்காண்டு வெயிலில் நின்றும் அவன் வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பொன்னை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மார் நன்கறிந்த கணக்கு இது. 2000-ஆம் ஆண்டில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ 26 உருபா; சென்னையில் ஒரு பவுன் பொன் நாலாயிரம் உருபாவிற்கும் குறைவு. அதாவது 150 வெள்ளி அனுப்பினால் ஒரு பவுன் வாங்கலாம். 2025 இறுதியில் ஒரு வெள்ளி ஏறத்தாழ 70 உருபா. ஒரு பவுன் ஓரிலக்கம் உருபாவை எட்டிற்று. ஒரு பவுனுக்கு 1,400 வெள்ளிக்கு மேல் வேண்டும். வெள்ளியின் உருபா மதிப்பு இரண்டரை மடங்கிற்கு மேல் ஏறியும், மகளுக்கு ஒரு பவுன் சேர்க்க அவ் வண்ணன் ஒன்பது மடங்கு வெள்ளி ஈட்ட வேண்டியதாயிற்று. உலகப் பொன் விலையும் ஏறியது உண்மையே. அவ் வேற்றத்தோடு உருபாவின் வீழ்ச்சியும் சேர்ந்தே நம் கடைவீதிக்கு வருகிறது.

பணம் உள்ளே வருவது போலவே வெளியே செல்லும் வீடுகளும் இப் பகுதியில் உள. மகனை அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்பிய தந்தை ஆண்டுக்கு 30,000 தாலர் கட்டணம் செலுத்துவதாகக் கொள்வோம். 2018 தொடக்கத்தில் தாலர் 64 உருபா, கட்டணம் 19,20,000. தாலர் 90 ஆனால் அதே கட்டணம் 27,00,000. பாடம் அதே பாடம், இருக்கை அதே இருக்கை. கடன் மட்டும் எட்டிலக்கத்திற்கு அருகே கூடிற்று. துபாயினின்று பணம் வரும் வீட்டில் எந்தக் காற்று விசிறியாயிற்றோ, அந்தக் காற்றே அடுத்த வீட்டில் தீயை மூட்டுகிறது.

உழைக்கும் நாட்டின் பணமே வீழ்ந்தால்?

இதுவரை கண்டது, தாய்நாட்டுப் பணம் தாழ்ந்த கணக்கு. உழைக்கச் சென்ற நாட்டின் பணம் தாழ்ந்தால் என்னாகும் என்பதையும் தமிழர் கண்டுள்ளனர்.

மலேயாவைச் சப்பானியர் 1942 முதல் 1945 வரை ஆண்டபோது, வாழைமரப் படம் பொறித்த தாளைப் பணமென்று வழங்கினர். தோட்டத் தமிழனும், சயாம்–பருமா தொடர்வண்டிப் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழனும் பெற்ற கூலி சப்பானியர் அச்சிட்ட தாளே. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மீண்டு வந்து, அத் தாள் செல்லாதென்றனர். மூன்றரை ஆண்டு உழைப்பு வெறுந்தாளாயிற்று. குழந்தைகள் விளையாடக் கொடுத்தனர் அப் பணத்தை!

அது போர்க்காலம் எனலாம். 1997-இல் போர் இல்லை. அவ்வாண்டு சூலை 2-ஆம் நாள் தாய்லாந்தின் பணம் சரிந்தது. அச் சரிவு மலேசியாவிற்கும் பரவிற்று. ஒரு தாலருக்கு 2.50 அளவில் இருந்த மலேசிய வெள்ளி, 1998 சனவரியில் 4.50-ஐயும் தாண்டித் தாழ்ந்தது. 14 உருபாவிற்கு மேல் மதிப்புற்றிருந்த ஒரு மலேசிய வெள்ளி ஏறத்தாழ 9 உருபாவாயிற்று. தமிழ்நாட்டினின்று சென்று அங்கு உணவகத்திலும் தோட்டத்திலும் உழைத்தவன் ஒரு மணி நேரமும் குறைவாக உழைக்கவில்லை. அவன் வீட்டிற்கு வந்த தொகை மட்டும் மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஊரில் அவன் வாங்கிய கடனுக்குரிய வட்டி குறைந்ததா? இல்லை. 1998 செப்டம்பர் 2 முதல் மலேசிய அரசு தன் பணத்தை ஒரு தாலருக்கு 3.80 என்று கட்டி நிறுத்தியது. அக் கட்டு 2005 சூலை வரை நீடித்தது.

ஈழத்தமிழர் கண்ட பாடம் இதனினும் கொடிது. இலங்கை அரசு ஒரு தாலரை 200 உருபா அளவிலேயே நெடுநாள் வலிந்து நிறுத்தியது. வெளியே அதற்கு மேல் விலை கிடைத்தமையால் புலம்பெயர்ந்தோர் வைப்பகத்தை விடுத்து உண்டியல் வழியே பணம் அனுப்பினர். 2020-இல் 710 கோடித் தாலராக இருந்த வரவு, 2021-இல் 550 கோடியாகவும் 2022-இல் 380 கோடியாகவும் சரிந்தது. 2022 மார்ச்சில் கட்டு அறுந்தது. மே மாதத்திற்குள் தாலர் 360 உருபாவைத் தொட்டது. கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய நூறு தாலர் முன்னினும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு உருபாவாக யாழ்ப்பாணத்திற் கைக்கு வந்தது. வந்து என்ன பயன்? அவ்வாண்டு செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டினும் ஏறத்தாழ 70 விழுக்காடு மிகுந்திருந்தது. எரிநெய்க்கும் வளிக்கலத்திற்கும் நாள்கணக்கில் வரிசை நின்றது. பணம் அனுப்ப அயல்நாட்டில் ஒருவரும் இல்லாத ஏழைத் தமிழர் சிலர், கைக்குழந்தைகளோடு படகேறித் தனுக்கோடிக் கரையில் வந்திறங்கினர். உருபா வீழ்ந்தால் உயரலாம் என்போர் இக் காட்சியை ஒரு நொடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

இடையில் நிற்கும் கை

அமெரிக்க வட்டியையும் எண்ணெய்ப் போரையும் தமிழன் தடுக்கவியலாது. ஆனால், தன் பணத்தினின்று இடையில் கிள்ளப்படுவதைத் தடுக்கவியலும்.

"அனுப்புவதற்குக் கட்டணமே இல்லை" என்று விளம்பரம் செய்வோர் உளர். கட்டணம் இல்லையெனில் அவர்கள் எங்ஙனம் பிழைக்கின்றனர்? மாற்றுமதிப்பிலேயே தம் பங்கை மறைத்து எடுக்கின்றனர். சந்தையில் ஒரு திர்கம் 24.50 உருபாவாக இருக்கும் நாளில் அவர்கள் 24.00 என்று கணக்கிடுவாராயின், 2,000 திர்கம் அனுப்புவோன் ஆயிரம் உருபா இழக்கிறான். திங்கள்தோறும் அனுப்பின் ஆண்டுக்குப் பன்னீராயிரம். "இரண்டு நாள் பொறுத்தால் பத்துக் காசு ஏறும்" என்று காத்திருப்போர், இந்த ஐம்பது காசை நோக்குவதில்லை!

உலக அளவில் சிறுதொகை அனுப்புவதற்கு ஆகும் செலவு நூற்றுக்கு ஆறு அளவில் உள்ளது என உலக வங்கி கணக்கிட்டுள்ளது. 2030-க்குள் அதனை மூன்றுக்குக் கீழே குறைக்க வேண்டும் என்பது ஒன்றிய நாடுகள் அவையின் இலக்கு. 2023 பிப்பிரவரியில் சிங்கப்பூரின் 'பேநவ்' முறையும் இந்தியாவின் 'யூபிஐ' முறையும் இணைக்கப்பட்டு, கைப்பேசி வழியே நேரே பணம் அனுப்ப வழி பிறந்தது. இத்தகைய வழிகளை அறிந்து ஒப்பிடுவோன் பிழைப்பான். பழகிய கடையிலேயே கண்மூடிக் கொடுப்போன் இழப்பான்.

உண்டியலைப் பற்றியும் ஒரு சொல். விரைவும் மலிவும் கருதி அதனை நாடுவோர் உளர். அது சட்டத்திற்குப் புறம்பானது, பணம் வாராது போனால் கேட்பாரில்லை, பற்றுச்சீட்டும் இல்லை. பத்து ஆண்டு உழைப்பை ஒருவன் வாய்ச்சொல்லில் வைப்பது அறிவுடைமை ஆகாது.

செய்யத்தக்கன யாவை?

முதலாவது, அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும்: "இவ்வளவு திர்கம் கொடுத்தால், எல்லாம் போக, வீட்டில் எத்தனை உருபா கைக்கு வரும்?" கட்டணம் எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று பிரித்துக் கேட்பாரைக் குழப்பலாம், கைக்கு வருவதைக் கேட்பாரைக் குழப்பவியலாது.

இரண்டாவது, மாற்றுமதிப்பின் ஏற்றத்தை நம்பிக் கடன் வாங்கலாகாது. ஏறிய காலத்தில் கூடுதலாக வரும் தொகையைக் கடன் அடைப்பதற்கே செலுத்துக. கடன் உருபாவில் இருக்க, வருவாய் அயற்பணத்தில் இருந்தால், மலேசியாவில் 1998-இல் நிகழ்ந்தது எந் நாட்டிலும் எப்பொழுதும் நிகழலாம்.

மூன்றாவது, வரும் பணம் முழுதும் மனையிலும் பொன்னிலும் முடங்கலாகாது. அயலவன் வேலையை விட்டு அனுப்பிய மறுநாளும் அடுப்பெரிய, இங்கேயே ஒரு கைத்தொழிலோ கல்வியோ கடையோ வேரூன்ற வேண்டும். குவைத்தினின்று 1990-இல் மீண்டவர்களுள், ஊரில் ஒரு தொழிலை வைத்திருந்தவனுக்கு நின்று மூச்சுவிட ஓர் இடமிருந்தது. ஏனையோர் மீண்டும் கடவுச்சீட்டைத் தேடினர்.

நான்காவது, இக் கணக்கு தமிழில் இருக்க வேண்டும். பணம் அனுப்பும் கடையில் கையெழுத்திடும் சீட்டு எம் மொழியில் உள்ளது? ஆங்கிலத்தில், அல்லது அரபியில். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சென்ற இளைஞன் அதில் எதைப் படிப்பான்? மாற்றுமதிப்பு, கட்டணம், கைக்கு வரும் தொகை ஆகிய மூன்று சொற்களும் தமிழில் அச்சிடப்பட்டிருந்தால், அவனை ஏமாற்றுவது அத்துணை எளிதன்று. மொழியுணர்வு என்பது மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரியதன்று. உழைப்பவன் கைப்பணத்தைக் காப்பதற்கும் உரியது. தமிழ்நாட்டு வைப்பகங்கள் இச் சீட்டுகளைத் தமிழில் வழங்க வேண்டும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியம், வானூர்தி ஏறுமுன் ஒவ்வோர் உழைப்பாளிக்கும் இக் கணக்கைத் தமிழில் எழுதிய சிறு சுவடியொன்றைக் கையிற் கொடுக்க வேண்டும். பள்ளிகளில் வட்டிக் கணக்குக் கற்பிப்பது போல் மாற்றுமதிப்புக் கணக்கையும் கற்பிக்க வேண்டும். கடல்கடப்போர் மிகுந்த நாட்டில் அஃது ஏட்டுச் சுரைக்காய் ஆகாது.

ஐந்தாவது, உருபாவைக் காக்கும் பொறுப்பு தில்லியிடம் உள்ளது. தமிழ்நாடு ஏற்றுமதியில் முன்னிற்கும் நாடு. புலம்பெயர்ந்தோர் பணத்தைப் பெறுவதிலும் மகாராட்டிரம், கேரளம் ஆகியவற்றை அடுத்து நிற்கும் நாடு. தாலரை ஈட்டித் தருவதில் இத்துணைப் பங்குடைய நாட்டிற்கு, பணக்கொள்கை வகுக்கும் இடத்தில் எத்துணைக் குரல் உண்டு? இவ் வினாவை நாடாளுமன்றத்திற்குச் செல்வோரிடம் கேட்க வேண்டியவர் வாக்களிப்போரே.

பெருமக்களே! உருபா வீழ்ந்தால் தமிழன் உயர்வானா? உயரான். அவன் அனுப்பும் தொகையின் எண் உயரும். அவ் வெண்ணைத் துரத்திக்கொண்டு விலை உயரும். விலையைத் துரத்திக்கொண்டு கடன் உயரும். அவன் உயர வேண்டுமாயின் அவன் உழைப்பின் எடை உயர வேண்டும்; அவ் வெடையை அறியும் அறிவு அவன் வீட்டில் இருக்க வேண்டும்.

நாளைக் காலையில் கைப்பேசியைத் திறந்து "திர்கம் எவ்வளவு?" என்று பார்ப்பதைத் தவறென்று கூறவில்லை. பார்த்தபின், அருகிலிருக்கும் அங்காடிக்குச் சென்று, "ஒரு படி அரிசி எவ்வளவு?" என்றும் கேளுங்கள். இரண்டையும் ஒரு தாளில் அருகருகே எழுதுங்கள், ஓராண்டு எழுதுங்கள். அயல்நாட்டில் வெயிலில் நிற்பவன் உண்மையில் எவ்வளவு ஈட்டினான் என்பதை அத் தாள் கூறும். அடுத்த ஒப்பந்தத்தில் அவன் எவ்வளவு சம்பளம் கேட்க வேண்டும் என்பதையும் அதுவே கூறும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உழைப்பு!